மலையடிவாரத்தில் ஒரு கேள்வி

ஆண்டவரின் தோற்றமாற்ற விழா, ஆகஸ்ட் 6
நற்செய்தி: மாற்கு 9:2-10



இன்றைய நற்செய்தி பத்தாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வாசக நூலில் அவ்வளவுதான் இருக்கிறது. பேதுருவுக்கும் அங்கேயே நின்றுவிட ஆசைதான். மூன்று கூடாரம் போட்டுவிடலாம் என்கிறார். ஒளிவீசும் ஆடை, மோசே, எலியா, மேகம், தந்தையின் குரல். இதையெல்லாம் விட்டுவிட்டு யாருக்கு இறங்கி வர மனம் வரும்? திருவிழாக் கொடியை இறக்கிய மறுநாள் கோவில் முற்றத்தைப் பார்த்தால் நமக்கே மனசு என்னவோபோல் ஆகிவிடுகிறதே!

ஆனால் இயேசு இறங்கி வந்தார். இன்றிரவு வீட்டில் விவிலியத்தை எடுத்து அதே அதிகாரத்தில் பதினான்காம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். மலைமேல் கண்ட காட்சி கண்ணைவிட்டு மறையும் முன்பே மலையடிவாரத்துக் கூச்சல் காதில் விழுகிறது. அங்கே சீடர்களும் மறைநூல் அறிஞர்களும் வாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் கூட்டம். நடுவில் ஒரு பையன். அவன் திடீரென்று விழுவான், நுரை தள்ளும், பல்லைக் கடிப்பான், விறைத்துப்போவான். யாரால் அவனைக் குணமாக்க முடியும், ஏன் முடியவில்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவனைப் பற்றித்தான் பேச்சு. அவனோடு யாரும் பேசியதாக மாற்கு எழுதவில்லை.

இயேசு பையனைத் தம்மிடம் கொண்டுவரச் சொல்கிறார். வந்ததும் அவர் கண்முன்னே அவன் தரையில் விழுந்து புரள்கிறான். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஒருவர் இரும்புச் சாவியைத் தேடுவார், ஒருவர் தண்ணீர் தெளிப்பார், ஒருவர் செல்பேசியை எடுத்துப் படம்பிடிப்பார். ஆண்டவர் தகப்பனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார். இவனுக்கு இது எவ்வளவு காலமாக இருக்கிறது?

அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தத் தகப்பனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை எத்தனையோ பேரிடம் மகனைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார். எல்லாரும் நோயைப் பார்த்திருப்பார்கள். கதையைக் கேட்டவர் இவர்தான். கேட்டதும் தகப்பன் கொட்டிவிடுகிறார். சிறு வயதிலிருந்தே இப்படித்தான், எத்தனையோ முறை தீயிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான் என்கிறார். ஆகவே அவனுக்கு இருந்தது ஒரு துன்பம் அல்ல, இரண்டு. உள்ளே ஒன்று ஆட்டிவைக்கிறது. உடம்பிலோ தீக்காயமும் தழும்பும் இருந்திருக்கும்.

அன்பார்ந்தவர்களே, ஆகஸ்ட் 6 என்றால் உலகத்துக்கு ஹிரோஷிமா நினைவுக்கு வரும். தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரவேண்டும். 2001-ஆம் ஆண்டு இதே நாள் அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். நற்செய்தியில் வரும் பையனை அவன் நோய் தீயில் தள்ளியது. ஏர்வாடியில் அவர்களைத் தீயில் வைத்திருந்தது நோய் அல்ல, பூட்டு.

அது இன்னொரு சமயத்தாரின் வழிபாட்டுத் தலம் உள்ள ஊர் என்று நாம் கைகழுவிவிட முடியாது. நம் திருத்தலங்களிலும் மனநலம் குன்றியவர்களை மாதக்கணக்கில் விட்டுவிட்டுப் போகும் குடும்பங்கள் இருக்கின்றன. கோபத்தில் விட்டுப் போகிறவர்கள் குறைவு. போக்கிடம் இல்லாமல், புனிதராவது பார்த்துக்கொள்வார் என்று விட்டுப் போகிறவர்களே அதிகம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடைசெய்துவிட்டது. உடல்நோய் உள்ளவருக்குக் கிடைக்கும் மருத்துவம் மனநோய் உள்ளவருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. முதலாவது நமக்குப் புரிகிறது. இரண்டாவதை எதற்காகச் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது? அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மனிதரின் கால் தேவைப்பட்டது.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்தது. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். அந்த ஊர் மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவுக்கு வாரம் ஒருமுறை போவேன். அங்கே ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் இருந்தார். மனச்சிதைவு நோய் வந்து இருபது வருடம் ஆகிறது. காதில் குரல்கள் கேட்கும். சாப்பாட்டில் விஷம் கலக்கிறார்கள் என்பார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, “சாமி, ராத்திரியில என் கால்ல எறும்பு விடுறாங்க” என்று சொல்வார். நான் என்ன செய்தேன்? அவர் தலைமேல் கைவைத்துச் செபித்தேன். அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். அடுத்த வாரமும் எறும்பு என்றார். அடுத்த வாரமும் தலைமேல் கைவைத்தேன். அவர் வீட்டாரும் அங்கே வேலை பார்த்தவர்களும்கூட அதை நோயின் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். எறும்பு விடுகிறார்கள் என்று சொல்கிறவரின் காலைக் குனிந்து பார்க்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் அங்கே புதிதாக ஒரு சிஸ்டர் வேலைக்கு வந்தார். கன்னியர் அல்ல, செவிலியர். நம் ஊரில் இருவரையும் ஒரே பெயரால்தானே கூப்பிடுகிறோம்! வார்டில் அந்த நோயாளியைப் ‘பதினாலாம் நம்பர்’ என்பார்கள். அந்தப் பெண் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகில் உட்கார்ந்து, “உங்களை எப்படிக் கூப்பிடட்டும்ணே?” என்று கேட்டிருக்கிறார். அவர் கொஞ்சநேரம் யோசித்து, “டெய்லர்னு கூப்பிடுங்க” என்றாராம். இருபது வருடத்துக்கு முன் அவர் கடைவீதியில் பேர்பெற்ற தையற்காரர். அது அந்த வார்டில் யாருக்கும் தெரியாது. கோப்பில் மருந்தின் பெயர்கள் இருந்தன, மனிதரின் தொழில் இல்லை.

எறும்புப் பேச்சு வந்தபோது அந்தச் சிஸ்டர் “அதெல்லாம் ஒண்ணுமில்லைண்ணே” என்று சொல்லவில்லை. “ஆமாம், விடுறாங்க” என்றும் சொல்லவில்லை. “யாரும் விடுறது என் கண்ணுக்குத் தெரியலைண்ணே. ஆனா உங்களுக்கு ஊருதுன்னு சொல்றீங்கல்ல, அதை நான் நம்புறேன். எந்தக் கால்ல அதிகம்?” என்று கேட்டார். வலது காலில் என்றார். “செருப்பைக் கழட்டிப் பார்க்கட்டுமா?” வேண்டாம் என்றார். “சரிண்ணே, சாயங்காலம் வர்றேன். அப்பவும் வேண்டாம்னா நாளைக்கு வர்றேன்.” சாயங்காலம் வந்தபோது அவரே காலை நீட்டினார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துப் பார்த்தார். பெருவிரலுக்கு அடியில், பாதத்தில், ஒரு ரூபாய் அளவுக்குப் புண். நாற்றம் எடுத்திருந்தது. இரத்தத்தில் சர்க்கரை நானூறைத் தாண்டியிருந்தது.

சர்க்கரை நோய் முற்றினால் கால் நரம்புகள் கெட்டுப்போகும். முதலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பிறகு உணர்ச்சியே போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது. நம் வீட்டுப் பெரியவர் யாராவது ‘கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு’ என்றால் மறுநாளே சர்க்கரை பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிறோம். இவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார். ‘மாதிரி’ என்பதை மட்டும் விட்டுவிட்டு, ‘விடுறாங்க’ என்று சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்காக அவர் உடம்பின் சாட்சியத்தையே நாங்கள் தள்ளுபடி செய்துவிட்டோம்.

இது அவர் ஒருவரின் கதை அல்ல. உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்றும் சொல்கிறது. பலரைக் கொண்டுபோவது இதயநோய், சர்க்கரை, தொற்று போன்ற சாதாரண நோய்கள்தான். மனநோய்க்கான சில மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் கூட்டும் என்பது உண்மை. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குரல்கள் திரும்ப வந்தால் எல்லாம் குலைந்துபோகும். மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்ற முடிந்தால் அவர் மாற்றுவார். மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

டெய்லர் அண்ணனிடம் திரும்புவோம். புண்ணைக் கண்டுபிடித்தாகிவிட்டது. ஆனால் அவர் மாத்திரையைத் தொடமாட்டார், ஊசியும் வேண்டாம், வார்டுச் சாப்பாடும் வேண்டாம். எல்லாவற்றிலும் விஷம். பிடித்து அமுக்கி ஊசி போடுவது ஒரு வழி. அந்தச் சிஸ்டர் வேறு வழி பார்த்தார். மாத்திரையை அட்டையோடு அவர் கையிலேயே கொடுத்தார், அவரே பிய்த்துப் போட்டுக்கொண்டார். சாப்பிடுவதற்கு ஓடு உடைக்காத அவித்த முட்டை, தோலோடு வறுத்த வேர்க்கடலை, அவர் கண்ணெதிரே நறுக்கிய வெள்ளரிக்காய். ஓட்டுக்குள் எப்படி விஷம் வைக்க முடியும்? அவர் நியாயத்துக்குள் நின்றே அவரைச் சாப்பிடவைத்தார்.

இன்னொரு கேள்வியும் கேட்டார். “உங்களுக்கு என்ன ஆகணும்ணே?” சர்க்கரை குறையணும் என்று அவர் சொல்லவில்லை. குரல் நிற்கணும் என்றும் சொல்லவில்லை. “மிஷின் மிதிக்கணும்” என்றார். எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயுவிடம் ஆண்டவர் கேட்ட கேள்வியும் இதுதான். பார்வையில்லாதவர் வேறென்ன கேட்கப்போகிறார் என்று நாம் நினைப்போம். அவர் வாயாலேயே வரட்டும் என்று ஆண்டவர் காத்திருந்தார். மிஷின் மிதிக்கக் கால் வேண்டும். கால் வேண்டுமென்றால் புண் ஆறவேண்டும். புண் ஆறவேண்டுமென்றால் சர்க்கரை இறங்கவேண்டும். அதற்குப் பிறகு ஊசிக்கு அவரே கையை நீட்டினார்.

அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அவரை மாற்றியபோது, மனநலப் பிரிவிலிருந்து வருகிறார் என்றதும் அங்கிருந்தவர்கள் பயந்தார்கள். கையைக் கட்டிவைக்கலாமா என்று பேச்சு எழுந்தது. அந்தச் சிஸ்டர் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டு வந்தார். ‘இவரை டெய்லர் அண்ணன் என்று கூப்பிடுங்கள். பின்னாலிருந்து தொடாதீர்கள். மருந்துப் புட்டியை முதலில் அவரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லை என்பார், அது பொய் அல்ல, உணர்ச்சி இல்லை. அதனால் தினமும் காலைக் கண்ணால் பாருங்கள்.’ கட்டவில்லை. ஒரு விரல் போனது. கால் தப்பியது.

செவிலியர் படிப்பில் இதற்குப் பெரிய பெயரெல்லாம் இருக்கிறது. நோயை அல்ல, நோயுற்ற ஆளை நடுவில் வைத்துப் பராமரிப்பது என்று எளிமையாகச் சொல்லலாம். திருச்சபைக்கு இது புதிதல்ல. செவிலியர்களின் பாதுகாவலரான இறை யோவானை எடுத்துக்கொள்ளுங்கள். 1530-களில் ஸ்பெயின் நாட்டுக் கிரனாடாவில் ஒரு மறையுரையைக் கேட்டு, பாவ மனவருத்தத்தில் தெருவில் உருண்டு அழுதார். பைத்தியம் என்று பிடித்துப் போய் மருத்துவமனையில் அடைத்தார்கள். அந்தக் காலத்து வைத்தியம் சாட்டையடி. அடிபட்ட உடம்போடு வெளியே வந்தவர் அதே ஊரில் நோயாளிகளுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். கட்டிலில் கிடந்தவன் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் 1996 நவம்பரில் வத்திக்கானில் இதே பொருளைப் பற்றிப் பேசினார். மனநோயால் துன்புறுகிறவர் எந்நிலையிலும் கடவுளின் சாயலைத் தாங்கியே இருக்கிறார் என்பதே அவர் சொன்னதன் சாரம். குணமான பிறகு அல்ல, குரல்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

இங்கே சிலருக்கு ஒரு கேள்வி எழும். ‘சாமி, அந்தப் பையனின் நோய் இறைவேண்டலால்தான் போகும் என்று ஆண்டவரே சொன்னாரே, பிறகு மாத்திரை எதற்கு?’ சரியான கேள்வி. ஆனால் அதை அவர் யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். பையனிடம் சொல்லவில்லை. தகப்பனிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போன பிறகு, எங்களால் ஏன் முடியவில்லை என்று தனியாகக் கேட்ட சீடர்களிடம் சொன்னார். இறைவேண்டல் குறைந்தது நோயாளியிடம் அல்ல, உதவப் போனவர்களிடம். ஆகவே மனநோய் உள்ள ஒருவரிடமோ அவர் தாயிடமோ போய், ‘உங்கள் விசுவாசம் போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை’ என்று சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டாம். அந்தத் தகப்பனே தம் நம்பிக்கை போதாது என்று கண்ணீரோடு ஒத்துக்கொண்டவர்தான். ஆண்டவர் அதற்காக அவரைத் திருப்பி அனுப்பவில்லை. மருந்தைப் பொறுத்தவரை, சீராக் ஞானநூலின் 38-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருந்தை மண்ணிலிருந்து ஆண்டவரே படைத்தார் என்கிறது. நோயுற்றால் மன்றாடவும் சொல்கிறது, மருத்துவருக்கு இடம்கொடுக்கவும் சொல்கிறது. செபமாலை ஒரு கையில் இருக்கட்டும், மாத்திரை அட்டை மறுகையில் இருக்கட்டும்.

இந்தக் கோவிலில் இப்போது உட்கார்ந்திருக்கும் உங்களில் சிலர் வீட்டில் இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு, வெளியில் சொல்லாமல் இருக்கிறீர்கள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று உள்ளறையில் வைத்திருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்ல நான் யார்? மூன்று வாரம் எறும்பைக் கேட்டுவிட்டு நகர்ந்து போனவன் நான். பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுகிறேன். பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருகிறார்கள். கழுவ வேண்டிய கால் பதினாலாம் நம்பர் கட்டிலில் இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால் அவரை அவர் விரும்பும் பெயரால் கூப்பிடுங்கள். வயிறு வலிக்கிறது, நெஞ்சு எரிகிறது என்று அவர் சொன்னால், எவ்வளவு விநோதமாகச் சொன்னாலும், முதலில் உடம்பைப் பாருங்கள். திடீரென்று குழப்பம் கூடினாலும் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அவரைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரம் ஓய்வு கொடுங்கள். நீங்கள் போய் உட்கார்ந்திருங்கள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் தொலைபேசி எண்ணைக் கூப்பிடுங்கள். எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

மேகத்திலிருந்து வந்த குரல் சீடர்களிடம் கட்டளையாகச் சொன்னது ஒன்றுதான்: மகனுக்குச் செவிகொடுக்க வேண்டும். நோயுற்றவரிடத்தில் தாம் இருப்பதாக அந்த மகனே நமக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இந்த விழாவின் கட்டளையை எங்கே போய் நிறைவேற்றுவது என்று தேட வேண்டியதில்லை.

கடைசியில் இயேசு அந்தப் பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார், அவன் எழுந்து நின்றான் என்று மாற்கு எழுதுகிறார். பிணம்போலக் கிடந்தவனைப் பார்த்துச் செத்துவிட்டான் என்று பலர் சொன்ன பிறகு நடந்தது இது. தூக்கியவர் ஆண்டவர். நின்றவன் பையன். டெய்லர் அண்ணனுக்குக் குரல்கள் முழுதாக நிற்கவில்லை. குறைந்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் சர்க்கரை நோயாளிகள் போடும் மெத்தென்ற செருப்பைப் போட்டுக்கொண்டு தினமும் இரண்டு மணிநேரம் மிஷின் மிதிக்கிறார்.

அந்தப் பங்கைவிட்டு மாறுவதற்கு முன் அவரைப் பார்க்கப் போனேன். இந்தமுறை தலைமேல் கைவைக்கவில்லை. “கால் எப்படிண்ணே இருக்கு?” என்று கேட்டேன். காலை நீட்டிக் காட்டினார். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் என் அங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஓரம் பிரிஞ்சிருக்கு சாமி. கழட்டிக் குடுங்க, தைச்சுத் தர்றேன்” என்றார்.

மலைமேல் ஆண்டவரின் ஆடை, உலகத்தில் எந்தச் சலவைக்காரரும் வெளுக்க முடியாத அளவுக்கு வெண்மையாயிற்று என்று இன்று வாசித்தோம். இந்தத் திருவுடைக்குள்ளே நான் போட்டிருப்பது அவர் தைத்துக் கொடுத்த அங்கிதான். துணி பழுப்பேறிவிட்டது. ஓரத்தில் அவர் போட்ட நூல் மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.

ஆமென்.